சுங்கம் எடுத்த வருஷம் ஏலக்காய் போன வழி

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த பொறுப்பு, நல்ல ஏலக்காய் மூட்டைகளை ஒருவர் பாழாக்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. அதுவும் சிரித்த முகமாகப் பார்க்க வேண்டும். மொதலாளி காதர் ராவுத்தர் இதைத் தனியாகச் சொல்லியே அனுப்பியிருந்தார்.

"சலாமு, அந்த ஆப்பீசர் கையில குத்தூசி வெச்சிருப்பாரு. மூட்டையில குத்துவாரு. உனக்கு வயிறு எரியும். எரிஞ்சாலும் பல்லைக் காட்டிட்டு நில்லு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மொதலாளி."

நான் கொல்லங்கோட்டுக்காரன். ராவுத்தர் பாலக்காட்டில் மலைச்சரக்கு வியாபாரம் செய்தவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரும் பாலக்காடும் மதராஸ் மாகாணத்தில் இருந்தன. ஏலக்காய் விளைகிற மலையோ திருவிதாங்கூர்-கொச்சி. நாடு ஒன்றாகிவிட்டது என்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தாயிற்று. ஆனாலும் இரண்டுக்கும் எல்லையான போடிமெட்டில் ஒரு மரக்கட்டை சாலையை மறித்துக்கொண்டு கிடந்தது. அதுதான் சுங்கச்சாவடி. மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டையும் அங்கே நிற்க வேண்டும். எடை போட்டு, தரம் பார்த்து, வரி விதித்த பிறகுதான் கட்டை தூக்குவார்கள்.

கட்டைக்கு எஜமானர் பிள்ளை சார். கோட்டயத்துக்காரர், தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த மீசை. முதல் மூட்டையில் குத்தூசியை இறக்கி, காயை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை வாயில் போட்டு மென்றார். மூட்டை வாயைப் பிரிக்கச் சொல்லி முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே மஞ்சு, அதுதான் மலை மூடுபனி, இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த காயெல்லாம் அந்த ஈரத்தைக் குடித்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"எடோ, தான் எந்தினா சிரிக்குன்னது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"மொதலாளி சிரிக்கச் சொன்னாருங்க."

அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, மீசை குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகம். சிநேகம் வந்ததால் குத்தூசி நிற்கவில்லை. அது அவர் கடமை.

அந்தக் காலத்தில் சரக்கு போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். காட்டில் பறித்த பச்சைக் காயை மலையிலேயே ஸ்டோர் என்கிற அறையில் விறகுச் சூட்டில் உலர்த்துவார்கள். போடிமெட்டுக்கு மேற்கே எங்கள் கொட்டகை இருந்தது. சக்குபள்ளம் பக்கத்துக் காய்கூட அங்கே வந்து சேரும். பெண்கள் உட்கார்ந்து காம்பு நறுக்கி, குப்பை பொறுக்கி, சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். வரி எடைக்குத்தானே? குப்பைக்கும் காம்புக்கும் சேர்த்து வரி கட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் சுத்தம் செய்கிற வேலை கட்டைக்கு மேலே நடந்தது. ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டும் வேலை கட்டைக்குக் கீழே, போடியில். அங்கிருந்து மதுரை, ரயிலில் பம்பாய், பிறகு கப்பலில் அரபு நாடு. யார் எங்கே என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒற்றை மரக்கட்டைதான் முடிவு செய்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

2. கட்டை தூக்கிய நாள்

இரண்டு சர்க்காரும் பேசி ஒப்புக்கொண்டு, இடையில் இருந்த சுங்கத்தை எடுத்துவிட்டார்கள் என்று உத்தரவு வந்தது. பிள்ளை சார் சாவடிப் படியில் ஏறி நின்று அதை மலையாளத்தில் வாசித்தார். எதிரே லாரிக்காரர்கள், கழுதைக்காரர்கள், தோட்டத்து ஆட்கள், எங்கள் கொட்டகைப் பெண்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டம். பாதிப் பேருக்கு வாசித்தது புரியவில்லை. கடைசியில் அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு, "சுங்கம் போயி. எல்லாரும் போய்க்கோ!" என்றார். அது புரிந்தது.

அடேயப்பா, அன்றைக்கு எழுந்த கூச்சல்! ஆளில்லாத லாரிகளில்கூட யாரோ ஹாரன் அடித்தார்கள்.

அந்தக் கட்டையின் ஒரு நுனியில் பெரிய கல் கட்டியிருக்கும். மறு நுனியைக் கயிற்றால் இழுத்து இறக்குவார்கள். விட்டால் கல்லின் பாரத்தில் மேலே போகும். கொட்டகைப் பெண்களுக்குத் தலைவி பேச்சியம்மாள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். வாயும் கையும் சமமாக ஓடுகிற ஆள். அவள் சேலையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கட்டையின் நுனியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், விடுங்கடி கயித்த!"

விட்டார்கள். பேச்சியக்கா ஆகாயத்துக்குப் போனாள். மேலே இருந்துகொண்டு, "போடி தெரியுதுடி! எங்க ஊரே தெரியுதுடி!" என்று கத்தினாள். அவள் ஊர் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் ஊர் தெரிகிறதா என்று பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் எங்களை நிறுத்திவைத்த கட்டை, ஊஞ்சலாகிவிட்டது.

என் முறை வந்தது. நான் மேலே போனபோது தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே பிள்ளை சார் வாயருகே கை குவித்துக் கேட்டார்:

"எடோ சலாமே! நாளை முதல் தனக்கு எந்தா பணி?"

நாளையிலிருந்து எனக்கு என்ன வேலை என்று கேட்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுங்கச்சாவடியில் மூட்டைக்குக் காவல் நிற்பதுதான் என் வேலை. சாவடி இல்லையென்றால் நான் யார்? அந்தரத்தில் தொங்கியபடி என் வேலை போன செய்தியைக் கேட்டவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

"ஒண்ணுமில்லீங்க சார்!" என்று மேலிருந்து கத்தினேன்.

"எனக்கும் ஒன்னும் இல்லடோ!" என்றார் அவர். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னை இறக்கவே நேரமாகிவிட்டது.

3. எல்லாம் கீழே

மறு வாரம் ராவுத்தர் பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கினார். ஆள் தரையிலேயே நிற்கவில்லை.

"சலாமு, இனி மலையில எதுக்கப்பா கொட்டகை? ஸ்டோர்ல காஞ்ச காயை அப்படியே குப்பையோட அள்ளிட்டுப் போயி போடியில வெச்சுப் பிரிக்கலாம். அங்க ஆள் கெடைக்கும், கரண்டு இருக்கு, ரயிலுக்கும் பக்கம். வரி இல்லாதப்ப குப்பை என்ன, காய் என்ன? நீ போடிக்கு வந்துரு. கொட்டகைக்கு நீதான் மேஸ்திரி."

என் வேலை பிழைத்தது என்று நான் குதித்தேன். குதித்து முடிக்கும்போதுதான் பேச்சியக்கா வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

"அப்ப நாங்க, மொதலாளி?" என்றாள்.

ராவுத்தர் நல்ல மனுஷர். சங்கடத்தோடு வேட்டி நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னம்மா பண்றது. அரசாங்கமே மாத்திப்புடுச்சு."

"அரசாங்கம் கட்டையத்தான தூக்குச்சு. எங்களயுமா தூக்கச் சொல்லுச்சு? கீழ போறதுன்னா எங்களயும் லாரியில ஏத்திக் கொண்டு போங்க."

"போடியில ஆளுக்கா பஞ்சம்? குடும்பத்தை விட்டுப்போட்டு நீங்க எப்படி வருவீங்க?"

பேச்சியக்கா கையில் இருந்த சல்லடையைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். கட்டை மேல் ஏறி ஊர் தெரிகிறது என்று கத்தியவள் அவள்தான். பெண்கள் தோட்டங்களில் களை வெட்டப் போனார்கள். களை வேலை மழைக்காலத்தில் அட்டைக் கடிக்கு நடுவே குனிந்தே செய்கிற வேலை. உட்கார்ந்து தரம் பிரித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய இறக்கம்.

போடியிலோ ஒரே அமர்க்களம். கட்டை போனதும் ஊரில் இருந்த எல்லாரும் ஏலக்காய் வியாபாரி ஆகிவிட்டார்கள். தையல்காரர் மெஷினை மூடிவிட்டு மலையேறினார். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுச் சாக்கு வாங்கினார். அதுவரை வரி கட்ட வசதி உள்ள இரண்டு மூன்று பெரிய கைகளுக்கு மட்டும் காய் விற்றுவந்த தோட்டக்காரர்கள், இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து விலை கேட்டார்கள். ஒரு தோட்டத்தில் நானும் தையல்காரரும் ஒரே மூட்டையின் இரண்டு காதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் இழுத்துக்கொண்டே என் சட்டையைப் பார்த்து, "தோள் தையல் விட்டிருக்கு தம்பி, அப்புறமா வா, போட்டுத் தர்றேன்" என்றார்.

எங்கள் போடிக் கொட்டகைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயில் இல்லாதபோதே உள்ளே அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும். புது ஆட்கள் நல்லவர்கள், சுறுசுறுப்பானவர்கள், வேலையையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் காய் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. மலையிலிருந்து கிளிப்பச்சையாக இறங்குகிற சரக்கு, பரப்பி வைத்துப் பிரித்து முடிப்பதற்குள் வெளிறியது. சூட்டில் தோல் வெடித்து விதை உதிர்ந்தது. ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டினேன். இருட்டில் பெண்களுக்குத் தரம் தெரியவில்லை. படுதாவை எடுத்தேன். காய் மறுபடி வெளுத்தது. இப்படியே மாட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஒரு மாதம் போனது.

4. யூசுப் சேட்

பம்பாயில் அரபு வியாபாரிகளுக்கு வாங்கிக் கொடுப்பவர் யூசுப் சேட். வருஷத்துக்கு ஒரு முறை தெற்கே வருவார். பல வருஷப் பழக்கத்தில் தமிழ் நன்றாகப் பேசுவார். அந்த வருஷம் வந்தவர் எங்கள் போடிக் காயைக் கையில் அள்ளினார். வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ராவுத்தரைப் பார்த்தார்.

"ராவுத்தர் சாப், இது ஏலக்காயா, வேர்க்கடலையா?"

ராவுத்தர் முகம் காயைவிட வெளிறிவிட்டது.

"அரபுக்காரனுக்குப் பச்சை வேணும் சாப். விருந்தாளி முன்னாடி காயை வெச்சு, பாரு எவ்வளவு பச்சைன்னு காட்டி, அப்புறம்தான் காபியில போடுவான். வெள்ளைக் காய் வாங்குறவன் வேற தேசம், வேற ஆளு. உங்க காய் முன்னாடியும் கொஞ்சம் மங்கித்தான் வரும், பொறுத்துக்கிட்டேன். இப்ப ரொம்ப மோசம். இதுவேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

சேட் போய்விட்டால் எங்கள் கடைக்குப் பூட்டுத்தான். உள்ளூர்ச் சரக்கில் தையல்காரரோடும் சைக்கிள் கடைக்காரரோடும் போட்டி போட்டுப் பிழைக்க முடியாது.

"சேட், உங்களுக்குத் தெரியாததா?" என்றார் ராவுத்தர். "மலையிலயே உலர்த்தின சூட்டோட பெட்டி கட்டினா பச்சை நிக்கும். எனக்கும் தெரியும். ஆனா கட்டினா என்ன பிரயோஜனம்? சாவடியில பிரிச்சுப் போட்டு, குத்தி, கொட்டி, மஞ்சு குடிச்ச காயை மறுபடி கட்டணும். அதுக்குத்தானே பெட்டி வேலையைக் கீழ வெச்சோம்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குத்தூசிக்குப் பல்லைக் காட்டிப் பழகிய வாய் எனக்கு. அது தானாகவே திறந்துகொண்டது.

"இப்ப யாருங்க பிரிக்கப் போறாங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வரி மிச்சம் என்பதையே நினைத்துக்கொண்டிருந்த ராவுத்தருக்கும் அது தோன்றவில்லை. சாவடியில் நின்றே காலம் கழித்த எனக்கும் அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. கட்டை போனதால் வேலையைக் கீழே இறக்கலாம் என்று ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அதே கட்டை போனதால் வேலையை மேலேயும் ஏற்றலாம். மலையில் பெட்டிக்கு அடிக்கிற ஆணியை இனி பம்பாயில் பிடுங்கினால் போதும்.

சேட் முதலில் சிரித்தார். பிறகு ராவுத்தர். பிறகு இருவரும் எழுந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினார்கள். வலி உயிர் போனது. அப்போதும் நான் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"ஒரு லாரி அனுப்புங்க," என்றார் சேட். "பச்சையா வந்தா உங்க சரக்கு முழுக்க எனக்கு. வெளுத்து வந்தா நாம சலாம் சொல்லிப் பிரியலாம்."

5. பேச்சியக்காவின் நிபந்தனைகள்

பேச்சியக்கா ஒரு சரிவில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிராமலே பேசினாள்.

"வாங்க சாயபு. கீழ சவுரியமா?"

"காய் வெளுத்துப் போச்சுக்கா."

"காய் வெளுக்குமா வெளுக்காதான்னு எங்கள ஒரு வார்த்த கேட்டாகளா?"

கேட்கவில்லை என்பது உண்மை. நான் விஷயத்தைச் சொன்னேன். உலர்த்தி இறக்கிய அன்றே பிரித்து, அன்றே பெட்டியில் அடைக்க வேண்டும். மலையில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். சுற்றி மற்ற பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள்.

"செய்யலாம். ஆனா பறிப்பு முடிஞ்சதும் போங்கன்னு சொல்லக் கூடாது. வருஷம் பூரா வேல வேணும்."

"மொதலாளிகிட்ட சொல்றேன்."

"கொட்டகக் கூர ஒழுகக் கூடாது."

"சரிக்கா."

"புள்ளக் கட்டுறதுக்குத் தொட்டில் கம்பி வேணும். கைப்புள்ளக்காரிக நாலஞ்சு பேரு இருக்காளுக."

"சரி."

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி அவள் முதுகில் தள்ளினாள்.

"இன்னொண்ணு. சீசனுக்கு ஒருவாட்டி எங்க எல்லாத்தையும் லாரியில ஏத்திப் போடி டாக்கீசுல சினிமாக் காட்டணும். தர டிக்கெட்டு இல்ல, பெஞ்சு டிக்கெட்டு!"

இதை ராவுத்தரிடம் சொன்னபோது மற்றதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சினிமாவுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். தொழுகை தவறாத மனுஷர். "நான் படம் பாக்கறதில்லை. லாரியை அனுப்பி வெக்கறேன். நீ கூட்டிட்டுப் போ" என்றார். அந்தப் பயணங்களில் வளைவுக்கு வளைவு பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள், மீதிப் பேர் பாட்டுப் பாடுவார்கள், படம் முடிந்து திரும்பும்போது பாடியவர்கள் வாந்தி எடுப்பார்கள். அடுத்த சீசனுக்கும் முதல் ஆளாக ஏறி உட்காருவார்கள்.

6. டீப் பெட்டிகள்

பெட்டிக்கு என்ன செய்வது? போடியில் ஆசாரியிடம் சொன்னால் வாரக்கணக்காகும். பேச்சியக்காவின் மைத்துனன் பக்கத்து டீ எஸ்டேட்டில் பேக்கிங்கில் இருந்தான். அங்கே தேயிலை அடைக்கிற பிளைவுட் பெட்டி, உள்ளே ஈயத்தாள், ஓரமெல்லாம் தகரப் பட்டி. இருட்டும் உண்டு, காற்றும் புகாது. எஸ்டேட் துரையிடம் போய்க் கேட்டேன். அவர் ஏலக்காய்க்கு டீப் பெட்டியா என்று ஆச்சரியப்பட்டுச் சிரித்துவிட்டு, ஓரம் நசுங்கிய பெட்டிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நசுங்கலைத் தட்டி நிமிர்த்தினோம்.

அடைக்கிற அன்று கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஸ்டோரிலிருந்து கூடை கூடையாகக் காய் வரும். பெண்களின் கத்தரி கிடுகிடுவென்று ஓடும். சல்லடைகள் ஆடும். காய் சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பேச்சியக்கா ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்குவாள். உள்ளே விதை கலகலத்தால் பெட்டிக்கு. மந்தமாக இருந்தால் மறுபடி ஸ்டோருக்கு. ஈரத்தோடு அடைத்துவிட்டால் பச்சை இருக்கும், ஆனால் பூஞ்சைப் பச்சை. அந்தப் பயத்தில், பெட்டியைத் திறந்து இன்னொரு தடவை பார்க்கலாமா என்று ஆணி அடித்த பிறகும் கேட்டேன்.

"சாயபு, சும்மா சும்மா தொறந்து பாத்தா நீங்களும் பிள்ள சாரும் ஒண்ணுதான்" என்றாள்.

லாரி போடிமெட்டில் இறங்கியது. பிள்ளை சாரை இன்னும் மாற்றவில்லை. பழைய காகிதங்களை முடித்துக் கட்ட உட்கார வைத்திருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் குத்தூசியோடு வெளியே வந்து கையைக் காட்டிவிட்டார். டிரைவரும் பழக்க தோஷத்தில் பிரேக் போட்டுவிட்டார். பிள்ளை சார் பெட்டியருகே வந்து, எந்த இடத்தில் குத்தலாம் என்று சுற்றிப் பார்த்தார். பிறகு அவருக்கே நினைவு வந்துவிட்டது. கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். வெட்கப்பட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெட்டியின் ஓரத்தில் மூக்கை வைத்து ஒரு முறை இழுத்து முகர்ந்தார்.

"ஒரு மணமும் வெளிய வரலயல்லோ. நன்னாயிட்டு அடச்சு" என்றார். "போடோ, பம்பாய்க்குப் போ. நின்னு மிழிக்காதே!"

7. பம்பாய்

பெட்டிகளை அனுப்பிவிட்டு நானும் ரயிலேறினேன். பெட்டிகள் கூட்ஸ் வண்டியில் வந்தாலும் என் மனசு பெட்டிக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தது. வழி நெடுக, காயெல்லாம் பூஞ்சை பிடித்து முளைவிட்டுப் பெட்டியைப் பிளந்து வருவதாகவே கண்ணில் தெரிந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடியில் ஓர் அரபுப் பெரியவரின் கிடங்கு. யூசுப் சேட் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை நடு அறையில் வைத்தார்கள். ஒருவன் கடப்பாரையால் மூடியை நெம்பினான். ஆணி கிரீச்சென்றது. பெரியவர் தானே குனிந்து ஈயத்தாளைக் கிழித்தார்.

வாசனை முதலில் வந்தது. அறை, மாடிப்படி, கீழ் வீடு எல்லாம் நிறைந்துவிட்டது. படிக்கட்டில் யாரோ ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் கையை விட்டு அள்ளினார்.

பச்சை! மழை முடிந்த மறுநாள் மலையில் பார்க்கிற பச்சை. மூன்றாவது மாடியில், கடலுக்குப் பக்கத்தில், அந்த மனுஷர் கையில்.

அவர் என்னவோ உரக்கச் சொல்லிக்கொண்டே என் கழுத்தைப் பிடித்து என் தலையைப் பெட்டிக்குள் அமுக்கினார். முகரச் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. மூச்சு முட்டும் வரை முகர்ந்தேன். சேட் மொழிபெயர்த்தார்: "இது முழுக்க அவருக்கு. வர்றது முழுக்கவும் அவருக்கு. இதே பெட்டி, இதே மாதிரி. வழியில யாரும் கை வைக்கக் கூடாதுங்கறார்."

அப்புறம் காபி வந்தது. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம். சர்க்கரை இல்லை, பால் இல்லை. வெளிறிய மஞ்சளாக, கசப்பாக, ஏலக்காய் மணம் மட்டும் தலைக்கு ஏறுகிறது. குடித்து முடித்தால் மறுபடி ஊற்றுகிறார்கள். வேண்டாம் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டுமாம். அது எனக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக் குடித்துக்கொண்டே இருந்தேன். சேட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சொல்லித் தரவில்லை. அன்று வெளியே வந்தபோது பம்பாய் முழுக்க என்னைச் சுற்றி ஆடியது. காபியா, சந்தோஷமா என்று தெரியவில்லை. டிராமுக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் தமிழிலேயே சொன்னேன்: "பச்சையா வந்துருச்சுங்க!"

8. மலையில் ஒரு காபி

திரும்பும்போது பெரியவர் எனக்கு ஒரு பொட்டலம் லேசாக வறுத்த காபிக் கொட்டை கொடுத்தார். அதை நேரே கொட்டகைக்குக் கொண்டு போனேன். பெண்கள் வேலையை விட்டு எழுந்து வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பம்பாய் எப்படி, கடல் எப்படி, பெட்டியை யார் திறந்தார்கள், திறந்தவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தலையைப் பெட்டிக்குள் அமுக்கிய கதையை நடித்தே காட்ட வேண்டியிருந்தது.

"அதுல நம்ம காயப் போட்டுத்தான் குடிக்கிறாகளா? அதக் காச்சுங்க, பாப்போம்" என்றாள் பேச்சியக்கா.

கொட்டையை அம்மியில் நுணுக்கி, முதல் தரக் காயைத் தட்டிப் போட்டு, அவர்கள் செய்த மாதிரியே காய்ச்சிக் கொடுத்தேன். பேச்சியக்கா ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"ஆத்தாடி! இந்தக் கசாயத்துக்கா இம்புட்டுப் பாடு?"

அவ்வளவுதான். ஒவ்வொருத்தியும் குடிப்பதும் ஓடுவதும் சிரிப்பதுமாகக் கொட்டகை அதிர்ந்தது. தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எழுந்து அழுதன. பேச்சியக்கா கருப்பட்டியும் பாலும் கொண்டுவரச் சொல்லி அதில் கொட்டி மறுபடி காய்ச்சினாள். அதை எல்லாரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

"சாயபு, அடுத்தவாட்டி போறப்ப அந்தப் பெரியவருகிட்டச் சொல்லுங்க. கருப்பட்டி போடணும், பால் ஊத்தணும். பாவம், அவுகளுக்கு யாரும் சொல்லித் தரல போல."

நான் அடுத்த முறை உண்மையாகவே சொன்னேன். பெரியவர் மார்பில் கை வைத்துச் சிரித்துவிட்டு, காயைப் பச்சையாக அனுப்பும் பெண்கள் காபியை எப்படி வேண்டுமானாலும் குடிக்கலாம், அவர்களுக்குத் தன் சலாம் என்று சொல்லச் சொன்னார். அந்தச் சலாமைக் கேட்டுக் கொட்டகையில் ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

போடிக் கொட்டகையை நாங்கள் மூடவில்லை. உள்நாட்டுக்கும் வெள்ளைக் காய் கேட்கிற தேசங்களுக்கும் அங்கே பிரித்தோம். கீழே இருந்தவர்களுக்கும் வேலை இருந்தது. எங்களைப் பார்த்துப் பல பேர் பெட்டி அடைப்பை மலையிலேயே செய்யத் தொடங்கினார்கள். தையல்காரர் இரண்டு சீசன் ஓடிப் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். சைக்கிள் கடைக்காரர் திரும்பவில்லை, பெரிய வியாபாரி ஆனார். பிறகு மாநிலங்களைப் பிரித்துச் சேர்த்தபோது எங்கள் பாலக்காடும் அந்த மலையும் ஒரே கேரளத்தில் வந்தன. எங்கள் சரக்குக்கு அதனால் புதிதாக எதுவும் நேரவில்லை, எங்களுக்கு எல்லை எப்போதோ போய்விட்டிருந்தது.

இப்போது பேப்பரைத் திறந்தால், இந்த நாடும் அந்த நாடும் சேர்ந்து வரியை எடுத்துவிட்டார்கள், வட்டார ஒப்பந்தம் போட்டார்கள் என்று படிக்கிறேன். வியாபாரக் கம்பெனிகளில் சேரும் பிள்ளைகள் உடனே எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். போடுங்கள். அதோடு இன்னொன்றும் பாருங்கள். அந்த வரி இருந்த காலத்தில் எந்த வேலை, இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ போய் உட்கார்ந்திருந்தது? இப்போது அது எங்கே போக ஆசைப்படும்? இது ஆபீசில் உட்கார்ந்தால் தெரியாது. காய் பறிக்கிற இடத்துக்கும் போக வேண்டும், காபி குடிக்கிற இடத்துக்கும் போக வேண்டும். நான் இரண்டு இடத்துக்கும் போய் வந்தேன். ஓய்வு பெறும் வரை எந்தப் புது உத்தரவு வந்தாலும், படித்து முடித்த கையோடு மலைக்கு வண்டி ஏறிவிடுவேன்.